உத்திரத்தில் நான் போட்ட பெருக்கல் குறி

"சோத்துல காரை கொட்டுதே!" என்று கீழேயிருந்து என் ஓரகத்தி கத்தினார். நான் மாடியில் பாப்பாவைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரருடைய அண்ணன் குடும்பம் கீழே, நாங்கள் மேலே. அந்த அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து மேலேயிருந்து சுண்ணாம்புக் காரை தட்டில் விழுந்துவிட்டதாம். நேரம் பார்த்து விழ அது என்ன ஜோசியம் படித்த காரையா? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

என் குணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கடையில் வாங்கிய முட்டையை வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். பால்காரர் ஊற்றும்போது அவர் கையைத்தான் பார்ப்பேன், பாலைப் பார்க்க மாட்டேன். "ஒன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு போலீசுக்காரியக் கட்டியிருக்கலாம்" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அப்புறம் நான் சொன்னதைத்தான் செய்வார்.

அது எண்பத்தைந்தோ எண்பத்தாறோ. பாப்பா தவழத் தொடங்கிய வருசம். பாப்பாரப்பட்டியில் அந்த வீட்டை என் மாமனார் கட்டியிருந்தார். புளி வியாபாரம். மாடி முழுக்கப் புளி மூட்டையாக அடுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்ததாம். அவர் போன பிறகு ஊரில் நாலு பெரிய மனுசர்களைக் கூட்டி, கீழ்வீடு மூத்தவருக்கு, மாடி இளையவருக்கு என்று வாயால் சொல்லிப் பிரித்தார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. எங்கள் பக்கத்தில் வாய்ப் பாகத்துக்கு அடுப்புதான் சாட்சி. யார் அடுப்பு எங்கே எரிகிறதோ அந்த இடம் அவர்களுக்கு. அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பாகம் போச்சு. என் பெரியம்மா குடும்பம் அப்படி "ஒரு மாசம்" என்று இறங்கிய வீட்டுக்குள் மறுபடி கால் வைக்கவே இல்லை. அதை நான் கண்ணால் பார்த்தவள்.

கீழே போய்ப் பார்த்தேன். அறையின் குறுக்கே போகிற உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தது. விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் மேல்தான் சின்னச் சட்டங்கள், அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும், அதற்கு மேல் நாங்கள். அவர்களுக்கு அது கூரை, எங்களுக்கு அது தரை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, உத்திரம் மாத்தணும். அது வரைக்கும் நீங்க கீழ வந்துடுங்க. முன்னாடி அறையக் காலி பண்ணித் தர்றோம்" என்றார்.

பார்த்தீர்களா? காரை விழுந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் "கீழ வந்துடுங்க". "நாங்க ஓரமா நடந்துக்கறோம் மாமா" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அன்று முதல் நாங்கள் நடு அறையில் நடப்பதில்லை, சுவரை ஒட்டியே நடந்தோம். பாப்பா மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் நடுவில் தவழும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தூக்கி வருவேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தரை விழுந்துவிடும் என்ற பயத்தைவிட வீடு போய்விடும் என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மாமா ஒரு புளியமரக் கட்டையை உத்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். முட்டுக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு. அதற்கப்புறம் தினமும் காலையில், நான் அடுப்புப் பற்ற வைக்கிற நேரத்துக்குச் சரியாகக் கீழே டொக் டொக் என்று சுத்தியல் சத்தம் கேட்கும். ஆப்பு தளர்ந்துவிடும், அதனால் இறுக்குகிறார் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களா இறுக்கறத?"

"இதப் போயி யாரு பாப்பாங்க?"

"அப்ப எப்பிடி இறுக்கறாருன்னு சொல்றீங்க? மேல இருந்து கேட்டா ஆப்பு அடிக்கிறதும் ஒரே சத்தந்தான், கழட்டுறதும் ஒரே சத்தந்தான்."

நான் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டதும் பூனை மாதிரிப் படியிறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். மாமா குந்தி உட்கார்ந்து ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தியல் பக்கத்தில் கிடந்தது. என்னைப் பார்த்து, "என்னாம்மா, தீப்பெட்டி வேணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் மூன்று தீப்பெட்டி இருந்தது.

அடுத்து என்ன உத்திரம் போடுவது என்ற பேச்சு வந்தது. மாமா தண்டவாளம் போடலாம் என்றார். பழைய ரயில் தண்டவாளத்தை ஏலத்தில் எடுத்து விற்கிறார்கள், மொரப்பூரில் கிடைக்கிறது, கரையான் தின்னாது, நம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மொரப்பூரில் பழைய இரும்பு விற்பது யார் தெரியுமா? ஓரகத்தியின் கூடப்பிறந்த தம்பி! சும்மா ஆடுமா சோழியன் குடுமி? இதில் யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நேராகக் கேட்க முடியாது. அதனால் சுற்றி வளைத்தேன்.

உத்திரம் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மரத்தின் வேர்ப்பக்கத்தை அடி என்பார்கள், மேல்பக்கத்தை நுனி என்பார்கள். அடி மேற்கே இருக்க வேண்டும், நுனி கிழக்கே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் குடும்பம் விளங்காது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அது சரிங்க மாமா, தண்டவாளத்துக்கு அடி எது, நுனி எது?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற ஆசாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் மாமா கூட்டி வந்த ஆசாரி, அதனால் அவர் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது. "இரும்புக்கு ஏதும்மா அடியும் நுனியும்" என்றார் மாமா. "அப்ப வேண்டாங்க. வெளங்காத வூட்டுல எம்புள்ளைய எப்பிடி வளக்கறது?" என்றேன். சாஸ்திரத்தைக் காட்டினால் மாமா மடங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். மடங்கினார். மரம்தான் என்று முடிவாயிற்று. மரத்தை நான் வந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். பொம்பளை மரக்கடைக்குப் போவதா என்று ஓரகத்தி முணுமுணுத்தார். போனேன்.

தருமபுரியில் ஒரு பாயின் மரக்கடை. மாமா, ஆசாரி, நாங்கள் இரண்டு பேர், என் இடுப்பில் பாப்பா. பாய் தங்கமான மனுசர் மாதிரிதான் பேசினார். அப்படிப் பேசுகிறவர்களிடம்தான் நான் ரெண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருப்பேன். தேக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆசாரி ஒரு வேங்கை உத்திரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "கணீர்னு இருக்குதுங்க, வைரம் பாஞ்ச மரம்" என்றார். தேவையானதைவிட ஒரு முழம் நீளமாகவே இருந்தது. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

"இது வேங்கைதான்னு எப்பிடிங்க நம்புறது?" என்று கேட்டேன்.

பாய் கோபப்படவில்லை. உளியால் ஒரு செதில் எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டார். "கொஞ்ச நேரம் பொறுங்கம்மா. தண்ணி செவக்கும். வெயில்ல தூக்கிப் பாத்தா ஓரத்துல நீலம் அடிக்கும். வேங்கை தவிர வேற மரம் இப்பிடிக் காட்டாது" என்றார். சொன்ன மாதிரியே ஆயிற்று. ஆனால் டம்ளர் அவர் டம்ளர், தண்ணீர் அவர் பானைத் தண்ணீர். எதிர் டீக்கடையில் நானே ஒரு கண்ணாடி டம்ளரும் தண்ணீரும் வாங்கி வந்து, நானே இன்னொரு செதில் எடுத்துப் போட்டேன். அதுவும் சிவந்தது. மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

மரத்தை உடனே கொண்டுவர முடியாது. ஊரிலிருந்து வண்டி பிடித்து வந்து ஏற்ற வேண்டும். இரண்டு நாள் கழித்து மாமாவும் ஆசாரியும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த இரண்டு நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாமே? நல்ல மரத்தைக் காட்டிவிட்டு சொத்தை மரத்தை ஏற்றிவிட்டால்? மாமாவும் ஆசாரியும் டீ குடிக்கப் போனபோது, எங்கள் வீட்டுக்காரரை மறைப்பாக நிற்க வைத்துவிட்டு, ஒரு ஆணியை எடுத்து உத்திரத்தின் அடிப்பக்கத் தலையில், வெட்டுமுகத்தில், பெருக்கல் குறி போட்டேன். நன்றாக ஆழமாகக் கீறி, அதன் கீழே மூன்று புள்ளியும் குத்தினேன்.

"யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன்.

"அண்ணங்கிட்டக் கூடவா?"

"அவருகிட்டத்தான் முக்கியமா."

இரண்டு நாளில் வண்டி வந்தது. டயர் போட்ட மாட்டு வண்டி, அதில் நீளமாக உத்திரம், பின்னால் வைக்கோல் மூட்டை. மாமா வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலில் கறுத்துப்போய் வந்து இறங்கினார். ஆசாரி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்றார். நான் பாப்பாவை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெருக்கல் இல்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. இரண்டு தலையும் புதிதாக அறுத்தது மாதிரி பளிச்சென்று இருந்தது.

அன்று நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

"எங்க அந்த மரம்? எந்த மரத்த மாத்தி எடுத்தாந்தீங்க?"

"என்னாம்மா சொல்ற? அதே மரந்தான்" என்றார் மாமா.

"நான் அடையாளம் போட்டேன். அது எங்க? கூடப்பொறந்த தம்பி குடும்பம் கீழ விழுந்து சாவட்டும்னு சொத்த மரத்த ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க! மாடியும் ஒங்களுக்கே வேணுமா? எடுத்துக்குங்க!"

தெரு கூடிவிட்டது. ஓரகத்தி வாசலில் நின்று, "ஐயோ, என்னா பேச்சு இது, என்னா பேச்சு" என்று வயிற்றில் அடித்துக்கொண்டார். "எந்த அடையாளம்? எனக்கொண்ணும் புரியலியே" என்று மாமா தம்பியைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா? நின்றிருக்க மாட்டேன். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். "நீ நல்லாருப்பியா, ஒங்குடும்பம் வெளங்குமா" என்று மூன்று தடவை கீழ்வீட்டு வாசலைப் பார்த்துத் தூற்றினேன். மாமாவை நான் "நீ" என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை.

மண் வாரித் தூற்றுவது எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை. சண்டையில் யார் யாரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், மறுநாள் குழம்பு கடன் வாங்கலாம். மண்ணைத் தூற்றிவிட்டால் உறவு முடிந்தது.

அந்த நேரம் பார்த்து பஸ்ஸை விட்டு இறங்கி ஆசாரி வந்தார். விசயத்தை யாரோ சொன்னார்கள். அவர் நேராக வண்டிக்குப் போய் வைக்கோல் மூட்டையை விலக்கி இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார். அறுத்துக் கழித்த தலைகள். ஒன்றை என் பக்கம் திருப்பினார். என் பெருக்கல், என் மூன்று புள்ளி.

"எந்த உத்திரத்துக்கும் ரெண்டு தலையையும் அறுத்துக் கழிச்சிட்டுத்தாம்மா போடுவோம். தலையில வெடிப்பு இருக்கும். அடையாளம் போடறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா பக்கவாட்டுல போடச் சொல்லியிருப்பேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "கழிச்ச கட்டைய அங்கயே விட்டுட்டு வந்திருப்போம். பெரியவருதான் எடுத்துக்கச் சொன்னாரு. தம்பி கொழந்த நடக்கப்போற நேரம், நடைவண்டி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னாரு. சக்கரம் மூணும் இதுலயே எடுத்துடலாமுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு வந்தோம்" என்றார்.

மாமா அந்தத் துண்டை வாங்கிக் குறியைத் தடவிப் பார்த்தார். "ஓ, இதுதானா" என்றார். கால் கழுவிக்கொண்டு வந்து, "மரத்த எறக்கலாம், மாடு நிக்குது" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் அழுதேனா, கோபத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதும் மனசுக்குள் ஒரு மூலையில், நடைவண்டி என்பதே இப்போது கட்டிய கதையாக இருக்குமோ என்று ஓடியது. அப்படிப்பட்ட புத்தி என் புத்தி.

உத்திரம் மாற்ற நாலு நாள் ஆயிற்று. மேலே பாரம் இருக்கக் கூடாது என்று ஆசாரி கண்டிப்பாகச் சொன்னதால் பக்கத்து வீட்டுக் கூடத்தில் தங்கினோம். அடுப்பை மட்டும் நான் இறக்கவில்லை. மாமா ஒரு நாள்கூட ஒதுங்கவில்லை. பழைய உத்திரத்தை இறக்கும்போது சுவருக்குள் இருந்த தலை மாவாக உதிர்ந்தது. வெளியே ஒரு தோல் மாதிரிதான் மரம், உள்ளே முழுக்கக் கரையான் புற்று. "இத்தன நாளும் இந்த முட்டுதாம்மா ஒங்களத் தாங்குச்சு. தெனம் ஆப்ப இறுக்கலைன்னா எப்பவோ எறங்கியிருக்கும்" என்று ஆசாரி சொன்னார். புது உத்திரத்தைத் தூக்கும்போது ஒரு பக்கம் தம்பியும் ஒரு பக்கம் அண்ணனும் தோள் கொடுத்தார்கள். அடி மேற்கே, நுனி கிழக்கே. மாமாவே திசை பார்த்து இரண்டு தடவை சரி செய்தார்.

நாங்கள் மாடிக்குத் திரும்பிய மறுநாள் காலையில் கீழே மூட்டை கட்டுகிற சத்தம் கேட்டது. ஏரியூர்ப் பக்கம் ஓரகத்தியின் அப்பாவுக்குக் கொஞ்சம் காடு இருந்தது. அங்கே போகிறார்களாம். எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அழுவாத. மண்ண வாரித் தூத்தின வூட்டுல இருந்து சோறு திங்கக் கூடாதுன்னு ஊரு சொல்லுது. அதுக்காகக்கூட இல்ல" என்றார் மாமா. "ஒம்பொண்டாட்டி பயப்பட்டது தப்பில்ல. அவ புள்ள வச்சிருக்கறவ. ஆனா ஒண்ணு. நம்மள நம்பாதவங்க தலைக்கு மேல நடக்கறப்ப, கீழ படுத்தா தூக்கம் வரமாட்டேங்குதுடா. அம்புட்டுதான்." என்னைப் பார்த்து, "பாப்பாவ இனிமே நடுவுலயே வுடும்மா. ஒண்ணும் ஆவாது" என்றார்.

நான் படியை விட்டு இறங்கவில்லை. அவர்கள் ஏரியூர் பஸ்ஸுக்கு நடந்தார்கள். நான் மேலே ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்கிறீர்கள்? பாகத்தில் பிரிக்காமல் விட்ட பித்தளை அண்டா ஒன்று இருந்தது. அது மூட்டையோடு போகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் கண் மறைந்ததும் கீழே போனேன். கதவு திறந்தே கிடந்தது, சாவி பூட்டிலேயே தொங்கியது. அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. மூலையில் அண்டா இருந்தது, கழுத்து வரைக்கும் தண்ணீர். குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வராத நாள். ஓரகத்தி முந்தின நாளே பிடித்து எங்களுக்காக நிறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அண்டா மூடி மேல் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

எனக்குத் தாகம் எடுத்தது. சொம்பால் மொண்டேன். சொல்லவே கூசுகிறது. மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.